வாத்தியாருக்குப் பேனா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன்

என் அக்காவின் கல்யாணத்தைக் கெடுத்தவன் நான்தான். உலகத்தில் கல்யாணம் நின்றுபோக ஆயிரம் காரணம் இருக்கிறது. சீர் போதவில்லை என்பார்கள், பெண் கறுப்பு என்பார்கள், யாராவது மொட்டைக் கடுதாசி போட்டிருப்பார்கள். என் அக்காவின் கல்யாணம் ஒரு பேனாவால் நின்றது. அந்தப் பேனாவைச் செய்த மகானுபாவன் அடியேன். இதை நான் ஐம்பது தடவையாவது சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால்தான் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு ஓரிரண்டு வருஷம் முன்னால் நடந்தது. எனக்கு இருபது வயது. வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கிய பெங்களூர் தண்டில், ஆஸ்டின் டவுனில், நானும் பிலோமி அக்காவும் மட்டும் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்காவுக்கு அப்போது பதினேழு. துரைசானிகளுக்குக் கவுன் தைத்துக் கொடுத்து என்னை ஆளாக்கினாள். நடுவில் வந்த இரண்டு வரன்களை, "தம்பி தலையெடுக்கட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். தம்பி தலையெடுப்பதற்குள் அவளுக்கு இருபத்தெட்டு ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் இருபத்தெட்டு என்றால் ஜனங்கள் வரன் விசாரிப்பதையே விட்டுவிடுவார்கள்.

அப்படியிருக்கும்போது ஆனேக்கல்லிலிருந்து ஒரு வரன் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார், பெயர் ஆரோக்கியசாமி. முதல் சம்சாரம் க்ஷயரோகத்தில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மாவோடு பெண் பார்க்க வந்தவர் காபியைக் குடித்துவிட்டு அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எனக்கு ராத்திரியில படிக்கிற பழக்கம். விளக்கு எரிஞ்சா உங்களுக்குத் தூக்கம் கெடுமா?"

"எனக்கும் தைக்கிற வேலை இருக்குங்க. ஒரே விளக்கு போதும்" என்றாள் அக்கா.

மனுஷர் சிரித்துவிட்டார். அவர்கள் போன பிறகு அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே பாடினாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அன்று ராத்திரி சோறு போடும்போது ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னாள். "சேவி, அவர் மொத சம்சாரம் க்ஷயத்துல செத்ததால இவருக்கும் அது இருக்கும்னு ஊர்ல பேசறாங்களாம். அதனாலயே ரெண்டு சம்பந்தம் தட்டிப் போச்சாம். டாக்டர் பார்த்து ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டார். நீ மட்டும் அதைப் பத்தி வாயைத் திறக்காதே."

"நான் எதுக்கு வாயைத் திறக்கிறேன்?" என்றேன்.

(இந்த இடத்தில் என் வீட்டுப் பிள்ளைகள் இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.)

நான் ஒரு கடைசல் பட்டறையில் வேலை பார்த்தேன். நாற்காலிக் கால், துரைமார்களின் கைத்தடி, மை தொட்டு எழுதும் கட்டைப் பேனா எல்லாம் அங்கே கடைவோம். பேனாவில் வெள்ளிக் கம்பி பதிக்கிற வேலை எனக்குக் கொஞ்சம் வரும். கொஞ்சம் வருவதை நான் நிறைய வருவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைந்த கட்டையில் மயிரிழை அகலத்துக்குக் கத்தியால் கீறி, அந்தக் கீறலில் கம்பியை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும். பிறகு அரத்தால் ராவி, கட்டை சுற்றும்போதே அரக்கைப் பிடித்து மெருகேற்றினால் வெள்ளிக்கொடி மரத்திலேயே முளைத்ததுபோல் இருக்கும். மரம் மட்டும் இரண்டு வருஷமாவது காய்ந்திருக்க வேண்டும். பேனா முடிந்ததும் முதலாளி அதைத் தன் சட்டைப்பையில் ஒரு மாசம் போட்டுக்கொண்டு வெயிலிலும் பனியிலும் திரிவார். கம்பி அசையவில்லை என்றால்தான் வெளியே போகும்.

மாப்பிள்ளையோ வாத்தியார். கோயிலில் ஓலை வாசிக்கக் கொடுக்கிற அன்று அவர் என் பேனாவால்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன். (எங்கள் கத்தோலிக்க வேதத்தில், இன்னாரும் இன்னாரும் கல்யாணம் செய்யப்போகிறார்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். அதற்கு முன்னால் பங்குச் சாமியாரிடம் போய் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.) அதற்குப் பன்னிரண்டே நாள்தான் இருந்தது. முதலாளியிடம் காய்ந்த மரம் கேட்டால், அந்த ஒரு மாசச் சோதனையையும் செய்தே தீர வேண்டும் என்பார். ஆகவே பிளாக்பள்ளி மார்க்கெட் பக்கம், இப்போது சிவாஜிநகர் என்கிறோமே அங்கே, ஒரு மரக்கடையில் அப்போதுதான் அறுத்த ஈட்டி மரத் துண்டு ஒன்றை வாங்கி, தெரிந்த ரொட்டிக்கடை அடுப்பின் மேல் மூன்று நாள் வைத்துக் காயப்போட்டேன். வெளியே எலும்பாகக் காய்ந்தது. உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. இருந்தாலும் பேனா என்னவோ அழகு. வெள்ளிக் கொடி, நாலு இலை, 'ஆ' என்று ஓர் எழுத்து. கட்டைவிரல் பதிகிற இடத்தில், பார்க்கிறவர்கள் அசந்துபோகட்டும் என்று ஒரு பூ. பிடிக்கிற இடத்தில் எந்த மடையனும் கம்பி பதிக்க மாட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் வீட்டில் கூடினோம். மேஜைக்கு அந்தப் பக்கம் சாமியார், இந்தப் பக்கம் வாத்தியார், பக்கத்தில் அவருடைய அம்மா. சாமியார் தன் பேனாவை எடுத்தார்.

"சாமி, அது வேணாம்" என்று சிவப்பு வெல்வெட் துணியைப் பிரித்தேன்.

எல்லாரும் 'அடடே' என்றார்கள். வாத்தியார் அந்த 'ஆ'வை விரலால் தடவிப் பார்த்தார். "இதெல்லாம் எனக்காகவா செஞ்சீங்க?" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. நான் தரையில் நிற்கவில்லை.

மையைத் தொட்டு இரண்டு எழுத்து எழுதினார். சட்டென்று நிறுத்திவிட்டு விரலைப் பார்த்தார்.

"ஏதோ குத்துது."

"குத்தாதுங்க" என்றேன். "நீங்க பிடிக்கிற பிடி சரியில்ல."

(ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன் பேசுகிறேன். எதிரில் இருப்பவர் பன்னிரண்டு வருஷமாக ஆனேக்கல் பிள்ளைகளுக்குப் பேனா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.)

சொன்னதோடு விட்டேனா? குனிந்து அவர் விரல்களைப் பிடித்து மடக்கினேன். "கட்டைவிரலைக் கொஞ்சம் மேலே தூக்குங்க. ஆங், அப்படித்தான். நல்லா அழுத்திப் பிடிங்க." பாவம், நல்ல மனுஷர், முதல் வகுப்புப் பையன் மாதிரி நான் சொன்னபடியே அழுத்திப் பிடித்தார். பூவின் ஒரு இதழ் சதையில் ஏறிவிட்டது. கை துள்ளியது. மைக்கூடு கவிழ்ந்து சாமியாரின் வெள்ளை அங்கி மடிவரைக்கும் நீலமாகிவிட்டது. வாத்தியாரின் பாதிப் பெயர்மேல் ரத்தம் சொட்டியது.

"அய்யோ மாதாவே! என் பையன் கையைக் கிழிச்சிட்டானே!" என்று அந்தம்மா கத்தினாள்.

"பரவாயில்லம்மா, சின்னக் கீறல்தான்" என்றார் வாத்தியார். சாமியாரும் அங்கியை உதறிக்கொண்டே, "விடுங்க, என் பேனா இருக்கு" என்றார். அதோடு முடிந்திருக்கும். மரம் பச்சை, தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்போம். கம்பி ஏன் மேலே வந்தது என்று எனக்குத் தெரியும். உள்ளே இருந்த ஈரம் காய்ந்து, மரம் சுருங்கி, கம்பியைக் கக்கிவிட்டது. ஆனால் நாலு பேர் முன்னால் என் வேலையைக் குறை சொன்னால் விடுவேனா?

"பேனாவுல ஒரு குறையும் இல்லம்மா" என்றேன். "உங்க பையன் கைதான் தண்ணியா வேர்க்குது. அந்த ஈரத்துல மரம் உப்பிக்குது. இப்படி வேர்த்துக்கொட்டுனா அது நல்ல உடம்பு இல்லம்மா."

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது.

அந்தம்மா எழுந்துவிட்டாள். "பேடப்பா பேடா! இந்தச் சம்பந்தமே பேடா! கோயில்ல வச்சு என் பிள்ளைக்கு வியாதி கட்டுறான்!" ஆனேக்கல்காரிக்குக் கோபம் வந்தால் கன்னடம் முந்திக்கொள்ளும்; 'வேண்டாம்' என்பது 'பேடா' ஆகிவிடும்.

வாத்தியார் கோபப்படவில்லை. பேனாவை வெல்வெட் துணிமேல் பத்திரமாக வைத்தார். அக்காவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "உங்க வீட்லயும் இதைத்தான் பேசிக்கிட்டு இருந்தீங்களா?"

இல்லை என்று அக்கா தலையாட்டினாள். அவர் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு அம்மாவோடு வெளியே போய்விட்டார். ஓலை வாசிக்கவில்லை. அடுத்த வாரம் ஆனேக்கல்லுக்குப் பஸ் ஏறிப் போய், அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "உங்க மேல வருத்தமில்ல தம்பி. சந்தேகம் இருக்கிற வீட்டுல வாழ முடியாது" என்று சொல்லி எனக்கு மோர் கொடுத்து அனுப்பினார். வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு நாலு பிள்ளை பெற்றார். எழுபது வயதிலும் சைக்கிள் மிதித்தார் என்று கேள்வி. க்ஷயமாவது மண்ணாவது.

அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தாள். நாலாம் நாள் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று, "வாத்தியாருக்கே பேனா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தியேடா, பாவி!" என்று சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளுக்கு அப்புறம் வரன் எதுவும் வரவில்லை, அவளும் கேட்கவில்லை. கடைசிவரை என் வீட்டிலேயே இருந்து என் பிள்ளைகளை வளர்த்தாள்.

எங்கள் வீட்டில் யார் எதில் கையெழுத்துப் போட்டாலும், ரேஷன் கார்டோ பரீட்சை மார்க்கோ, "கை வேர்க்குதா பாரு" என்று யாராவது சொல்வார்கள், வீடே சிரிக்கும். என் கல்யாணத்தில் அதை முதலில் சொன்னவளே அக்காதான்.

என் பெண்ணின் நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டார் முன்னால் இந்தக் கதையை முழுசாக நடித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லாரும் போன பிறகு அக்கா எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லா சொல்றடா. சாமியார் அங்கி, அந்தம்மா கன்னடம், எல்லாம் வருது. நான் எங்க நின்னேன்?"

யோசித்தேன். "நீ... பின்னால, கதவுகிட்ட..."

"உன் பக்கத்துலதான்டா நின்னேன். நீ அவர் விரலை மடக்குறப்பலேர்ந்து உன் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தேன். நீ திரும்பவே இல்ல" என்றாள். இலைகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.

அக்கா போய் இரண்டு வருஷம் ஆகிறது. பேரப்பிள்ளைகள் இன்னும் அந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறார்கள், சொல்கிறேன். விரலை மடக்குகிற இடம் வந்ததும் என்னால் மேலே போக முடிவதில்லை. தாத்தாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மீதியை அவர்களே சொல்லிச் சிரிக்கிறார்கள்.