கண்ணால் எடை போடுகிறவர்

குழந்தையைக் கண்டதும் கன்னத்தைக் கிள்ளுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். பேர் கேட்டு, வயசு கேட்டு, "எங்க, ஒரு பாட்டுப் பாடு" என்று பிடித்து வைத்துக்கொண்டு உயிரை வாங்குகிறவர்களையும் தெரியும். இவர்களெல்லாம் சாதுக்கள். இங்கே சொல்ல வந்தது மூன்றாவது ரகம்: குழந்தையைக் கண்டதும் எடை போடுகிறவர்கள். இவர்களுக்குத் தராசு வேண்டாம், தட்டு வேண்டாம். தெருமுனையில் ஒரு தாயின் தோளுக்கு மேல் சின்னதாக ஒரு தலை தெரிந்தால் போதும். "என்னம்மா, புள்ள இப்படி இளைச்சுட்டான்?" முடிந்தது. அந்தத் தாய்க்கு அன்றைக்குச் சோறு இறங்காது. சொன்னவர் மட்டும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்.

அந்த இனத்தின் பெரிய தலை ஒருவர் உண்டு. அவருடைய மருமகள் அவர் பேரை முதன்முதலில் கேட்டது கல்யாணம் பேசி முடித்த அன்று. அவளுடைய தாய்மாமன் லாரி ஓட்டுகிறவர். மாப்பிள்ளை யார் மகன் என்று தெரிந்ததும், குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கில் ஏறும்படி சிரித்தார்.

"கண்தராசு வீட்டுக்கா போற? பாத்தும்மா. வாசல்லயே எடை போட்டு, சீட்டு எழுதிக் குடுத்துத்தான் உள்ள விடுவாரு."

மாமன் கேலி பண்ணுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் புதுப்பெண்ணாகப் படியேறியபோது, மாமனார் அவளைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது: "நாப்பத்தேழு. கைப்பையோட."

அவரையும் குற்றம் சொல்லிவிட முடியாது. முப்பத்தோரு வருஷம் லாரி எடை மேடையில் வேலை. லாரி மேலே ஏறும், எண் விழும், அவர் சீட்டு எழுதுவார், லாரி இறங்கும். ஏறுவதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிடுவது அவருக்கு ஒரு விளையாட்டு. பத்துக்கு ஏழு தடவை சரியாகவும் இருக்கும். ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணுக்கு யார் ஓய்வு கொடுப்பது? லாரி வராத தெருவில் குழந்தைகள் வந்தன. பக்கத்து வீட்டுத் தையல்காரியின் மகள், தம்பி சம்சாரத்தின் அக்காள் பேரன், சின்ன மச்சினியின் நாத்தனாருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்று ஒருவர் பாக்கியில்லை. இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்து, "ரெண்டும் சேந்தாத்தான் ஒண்ணு" என்றார். அந்தப் பக்கத்துச் சொந்தம் அதோடு போக்குவரத்தை நிறுத்திக்கொண்டது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த ரகத்தின் கண்ணில் ஊரார் பிள்ளைகள் எல்லாம் நோஞ்சான். தன் வீட்டுப் பிள்ளை மட்டும் மலை.

இந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒவ்வொரு குழந்தையையும் மாதம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும், பச்சை அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும், கோடு ஏறாத குழந்தையை டாக்டரிடம் காட்டிச் சத்துமாவு கொடுத்தனுப்ப வேண்டும் என்று உத்தரவு. அதற்காக வார்டுக்கு ஒரு நிலையம், நிலையத்துக்கு ஒரு நர்ஸ், நர்ஸுக்கு ஒரு தராசு. எல்லாம் சரி. நிலையத்துக்கு இடம் பிடித்தார்களே, அதுதான் வினை. கண்தராசு வீட்டுக்கு நேர் எதிரே, பூட்டிக் கிடந்த பழைய தபால் அறை.

செவ்வாய்க்கிழமைதோறும் அவர் நாற்காலி வாசலுக்கு வந்துவிடும். அரசாங்கத் தராசுக்குப் போகிற பிள்ளை முதலில் அவர் தராசில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். "உள்ள போய் என்ன பண்ணப் போற? ஆறே முக்கால். பாலுக்குப் பதிலா தண்ணிய ஊத்தறியா?" இதைக் கேட்கவா ஒரு தாய் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வருவாள்? ஒருத்தி பின்சந்து வழியாகச் சுற்றி வந்தாள். ஒருத்தி வெயில் கொளுத்தும்போது பிள்ளைக்கு இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக் கொண்டுவந்தாள். மற்றவர்கள் வருவதையே விட்டுவிட்டார்கள். முதல் மாதம் நாற்பத்திரண்டு குழந்தைகள் வந்த நிலையத்துக்கு ஐந்தாவது மாதம் வந்தது பதினேழு. அவரோ, "ஜனங்களுக்கு அக்கறையே இல்ல" என்று வருத்தப்பட்டார். மனதாரத்தான் வருத்தப்பட்டார். அதுதான் இந்த ரகத்தின் அழகு.

அவருடைய சொந்தப் பேரனுக்கு அப்போது எட்டு மாதம். அவனுக்கு ஐந்து மாதமானபோது நிலையத்தில் எடை பார்த்ததில் ஆறு கிலோ எண்ணூறு இருந்தான். கோடு ஒழுங்காக ஏறியிருந்தது. அதற்குப் பிறகு மாமனார் விடவில்லை. "என் கண்ணு இருக்கும்போது எதிர் வீட்டுத் தராசு எதுக்கு? பையன் ஒன்பதரை இருக்கான். ஊதிக்கிட்டே போறான். கஞ்சியத் தண்ணியாக் கரைச்சுக் குடு." மருமகள் தண்ணியாகக் கரைத்தாள். புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். "அப்பா பாக்காத எடையா?" என்று அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

பிள்ளை அழுவதைக் குறைத்துக்கொண்டான். "பாரு, எவ்வளவு சமத்து" என்றார் தாத்தா. மருமகளுக்கு அந்தச் சமத்து பிடிக்கவில்லை. ஒருநாள் அவனுக்குச் சட்டை போட்டுவிட்டவள் பொத்தானில் கை வைத்தபடி நின்றுவிட்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால் வாங்கிய சட்டை. இன்னும் அளவாக இருந்தது. ஊதிக்கொண்டே போகிற பிள்ளைக்குச் சட்டை எப்படிச் சின்னதாகாமல் இருக்கும்?

அன்று மளிகைக் கடையில் நர்ஸைப் பார்த்தாள். "அக்கா, என்னால தெருவைத் தாண்ட முடியல. நீங்க தாண்டி வாங்க," என்றாள்.

நர்ஸ் மறுநாள் காலையிலேயே தொங்கு தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். உத்தரத்துக் கொக்கியில் தராசு ஏறியது. பைக்குள் பிள்ளை ஏறினான். முள் ஆடி, ஆடி, நின்றது.

"ஆறு தொள்ளாயிரம்," என்றாள் நர்ஸ். "மூணு மாசத்துல நூறு கிராம்."

கண்தராசு சிரித்தார். "உங்க தராசு அசந்துபோச்சும்மா. ஒன்பதரைக்கு ஒரு பிடி குறையாது. நான் முப்பத்தோரு வருஷம்..."

"இருங்க பெரியவரே. எடை மேடைக்கு வருஷா வருஷம் ஆள் வந்து சோதிச்சு முத்திரை போடுவாங்கல்ல?"

"போடாம? முத்திரை இல்லாம ஒரு லாரி ஏறாது."

"உங்க கண்ணுக்குக் கடைசியா எப்பப் போட்டாங்க?"

கதவோரம் நின்ற பக்கத்து வீட்டுத் தையல்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்தராசுக்குக் கோபம் வந்தது. தராசில் கோளாறு, முள்ளில் கோளாறு, அனுப்பிய அரசாங்கத்தில் கோளாறு என்று அடுக்கிக்கொண்டே போனார். மருமகள் பிள்ளையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, காற்றுக்கு அடிக்காமல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஐந்து கிலோ இரும்புக்கல்லையும் அதன் பக்கத்திலிருந்த இரண்டு கிலோ கல்லையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து அவர் காலடியில் வைத்தாள். அவருடைய அப்பா கடை வைத்திருந்த காலத்து முத்திரைக் கற்கள்.

"மாமா, நீங்களே மாட்டிப் பாருங்க."

மாட்டினார். ஐந்தில் நின்றது. இரண்டையும் சேர்த்தார். ஏழில் நின்றது, ஒரு மயிரிழை இப்படி அப்படி இல்லை. இறக்கினார், மறுபடி மாட்டினார். நாலு தடவை பார்த்தார். எத்தனை லாரிக்காரர்கள் அவரிடம் கத்தியிருப்பார்கள், எத்தனை முதலாளிகள் அடித்துச் சத்தியம் செய்திருப்பார்கள். முத்திரைக் கல் ஒத்துக்கொண்ட தராசோடு அவர் ஒருநாளும் வாதாடினதில்லை, யாரையும் வாதாட விட்டதுமில்லை.

"தராசு சரியாத்தான் இருக்கு," என்றார். கற்களை இறக்கிவைத்துவிட்டு, "அப்ப புள்ளதான்..." என்று இழுத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வை என்று வைத்துக்கொள்வோம்.

நர்ஸ் அதற்குமேல் அவரைச் சீண்டவில்லை. பையனை டாக்டரிடம் அனுப்பினாள். கஞ்சியைக் கரண்டியிலிருந்து வழியாத அளவுக்குக் கெட்டியாகக் காய்ச்சு, பருப்பு போடு, ஒரு சொட்டு எண்ணெய் விடு, முட்டையை மசித்துக் கொடு, பாலைத் தவிர ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று மருமகளுக்குச் சொன்னாள். சத்துமாவுப் பொட்டலம் வாங்கத் தெருவைத் தாண்டிப் போனவர் கண்தராசுதான். ஆறு வாரத்தில் கோடு நிமிர்ந்தது. மூன்றாவது மாதம் அந்தச் சட்டை அக்குளில் கிழிந்தது. மருமகள் அதைத் தைக்காமல் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நல்ல கதை. இந்த ரகம் திருந்துவதில்லை, ஆயுதத்தை மாற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். இப்போது யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்ப்பதற்கு முன்னால், "அட்டை எங்க? போன மாசம் புள்ளி வெச்சியா?" என்றுதான் கேட்கிறார். கொண்டுவராதவர்களைத் திரும்பிப் போய் எடுத்துவரச் சொல்கிறார். இரட்டைப் பிள்ளைகள் வீட்டுக்கு அவராகவே போய், வாசலில் நின்றே மன்னிப்புக் கேட்டு, அங்கேயே இரண்டு அட்டையையும் வாங்கிச் சரிபார்த்திருக்கிறார். தொல்லை தாங்காமலோ என்னவோ, நிலையத்துக்கு வருகிற குழந்தைகள் அறுபதைத் தாண்டிவிட்டார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நேற்று மாடிப்படியில் கீழ்வீட்டுப் பெண் பிள்ளையோடு எதிரே வந்தாளே, அவளிடம் நீங்கள் முதலில் சொன்ன வார்த்தை என்ன? யோசித்துப் பாருங்கள். அவள் ஏன் இன்று லிப்டில் போனாள் என்றும் யோசியுங்கள்.

கண்தராசு இப்போது செவ்வாய்க்கிழமைகளில் எதிர் நிலையத்தின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, எடை பார்க்க வருகிற பிள்ளைகளின் செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்.