சாலையின்மைச் சான்றிதழ்

கொச்சியில், கொச்சங்காடி சுக்குப்புரை லேனில் வசிக்கும் வரி ஆலோசகர் திருவாளர் சிவசங்கரன் அவர்களுக்கு, ஐம்பத்திரண்டாம் வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை காப்பி குடித்துக்கொண்டிருக்கையில், காடு அழைப்பு விடுத்தது. அழைப்பு வாட்ஸாப்பில் வந்தது. ‘மலைமுரடர்கள்’ என்ற குழுவில் அவரை யாரோ சேர்த்துவிட்டிருந்தார்கள். இரண்டு பல் டாக்டர்கள், ஒரு நகைக்கடை முதலாளி, களமசேரியில் பிளாஸ்டிக் வாளி செய்கிற ஒருவர் என்று பதினெட்டு முரடர்கள். எல்லோரிடமும் பெரிய வண்டி இருந்தது. எல்லோருக்கும் இடுப்பு வலியும் இருந்தது. வருகிற மழையில் மலையேறுவதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

சிவசங்கரனின் வண்டி வெள்ளை வெளேரென்று, லேனை அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் சீட்டு முதுகைப் பிடித்துவிடும். ஓட்டுகிறவர் கோபமாக இருந்தால் உள்ளே விளக்கு நீலமாக மாறி ஆறுதல் சொல்லும். வாங்கி எட்டு மாதத்தில் அது போன மிகத் தொலைவான இடம், எறணாகுளத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடை.

“காட்டுல போய் என்ன பண்ணப் போறேள்?” என்று கேட்டாள் மனைவி ஸ்வர்ணலதா.

“சேத்துல மாட்டிக்கணும். அப்பறம் வெளில வரணும். அதாக்கும் ஆஃப்-ரோடு.”

“மாட்டிக்காமலே வெளில இருக்கேளே இப்போ?”

இந்த மாதிரி ஆட்களிடம் சாகசத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? சிவசங்கரன் வண்டியை எடுத்துக்கொண்டு சுள்ளிக்கல்லில் சுடலைமணியின் பட்டறைக்குப் போனார்.

சுடலைமணி தென்காசிப் பக்கத்துக்காரர். பதினேழு வருஷமாகக் கொச்சியில் பழுதான வண்டிகளை நல்லதாக்கிக்கொண்டிருப்பவர். நல்ல வண்டியைக் காட்டு வண்டியாக ஆக்கச் சொல்லி ஒருவர் வந்தது இதுவே முதல்முறை.

“சாரே, வண்டி நல்லாத்தான ஓடுது?”

“அதுதான் பிரச்சினை.”

வேலை ஒன்பது நாள் நடந்தது. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை ஒரு சாண் உயர்த்தினார்கள். பலாப்பழத் தோல் மாதிரி முள்ளு முள்ளாக நாலு டயர் வந்தது. கல் இடிக்காமலிருக்க அடிவயிற்றில் இரும்புத் தகடு. தண்ணீரில் முங்கினாலும் எஞ்சின் மூச்சுவிடுவதற்குப் பக்கவாட்டில் கூரை வரை ஒரு கறுப்புக் குழாய். முன்னால், மாட்டிக்கொண்ட வண்டிகளை இழுக்க, இரும்புக் கயிறு சுற்றிய வின்ச். எல்லாம் முடிந்த பிறகு சிவசங்கரன் சீட்டுகளுக்கு பிளாஸ்டிக் உறை போடச் சொன்னார். வெளியே சேறு ஒட்டாமலிருக்கக் கண்ணாடித் தாள் ஒட்டச் சொன்னார்.

சுடலைமணி ஸ்பேனரைக் கீழே வைத்தார். “சேத்துல போவணுமா, சேறு படக் கூடாதா? ஒண்ணு சொல்லுங்க சாரே.”

“சேறு வேணும். ஒட்டக் கூடாது.”

வண்டி இப்போது இருந்த உயரத்துக்கு ஏற வழியில்லாததால், ஸ்வர்ணலதாவுக்காக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் டிக்கியில் வைக்கப்பட்டது.

பட்டறையிலிருந்து வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்காது. பாதி வழியில் வாகனப் பரிசோதகர் நாணு கையைக் காட்டி நிறுத்தினார். வண்டியைச் சுற்றி வந்தார். டேப்பை வைத்து அளந்தார். குழாயில் காதை வைத்துக் கேட்டார்.

“எந்தா சாரே இது?”

“ஆஃப்-ரோடு தயாரிப்பு. சாலை இல்லாத எடத்துல ஓட்டறதுக்கு.”

“இது சாலையாணல்லோ.”

“காட்டுக்குப் போறதுக்கு சாலை வழியாத்தானே போகணும்?”

“சாலை இல்லாத எடத்து டயரை சாலையில் ஓட்டான் பாடில்லா, கூடாது. சாலை இல்லாத வழியாக் கொண்டுபோங்க.”

“என் வீடு கொச்சங்காடில இருக்கு சார்!”

“அது வீட்டோட குற்றம்,” என்றார் நாணு வருத்தத்துடன். அவர் கெட்ட மனிதர் அல்ல. சட்டப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். விண்ணப்பதாரரின் வீட்டு வாசலில் சாலையே இல்லை என்று உரிய அதிகாரி சான்றளித்தால், மேற்படி வண்டியை மேற்படி கோலத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஏழு நாள் அவகாசம். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

சிவசங்கரனுக்கு மூச்சு வந்தது. சுக்குப்புரை லேனில் சாலை இல்லை என்பதை நிரூபிக்க ஏழு நாள் எதற்கு? ஏழு அடி நடந்தால் போதுமே! மழைக்காலத்தில் அங்கே ஆட்டோ வராது. வேலியேற்றத்தில் கடல் பொங்கினால் காயல் தண்ணீர் வீட்டுப்படி வரைக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போகும். நடுவில் இருக்கிற குழிகளுக்கு லேன்காரர்கள் பேரே வைத்திருந்தார்கள்.

சாலைப் பராமரிப்பு உப அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் கமலாக்ஷி மேடம் கோப்பைத் திறந்தார். முகம் மலர்ந்தது.

“சுக்குப்புரை லேன்தானே? அடிபொளி ரோடு! மூணு வருஷத்தில் நாலு தடவை தார் போட்டாச்சு. எங்க ஆபீஸ் வராந்தாகூட இத்ர வழவழப்பு கிடையாது.”

“மேடம், அங்கே ரோடே இல்லை.”

“பின்னே நாலு தார் எவிடே போச்சு?”

“அதை நான் எப்படி மேடம் சொல்றது?”

கமலாக்ஷி பேனாவை மூடினார். நாலு முறை போட்ட சாலையை இல்லை என்று எழுதினால் நாலு முறை கையெழுத்துப் போட்டவர் என்ன ஆவது? ஆனாலும் விதி என்று ஒன்று இருந்தது. விண்ணப்பம் வந்தால் நேரில் பார்த்தாக வேண்டும். கூட்டு ஆய்வு என்று தேதி குறித்தார்கள்.

ஆறாம் நாள் காலை பதினொரு மணி. நல்ல மழை. ஆபீஸ் ஜீப்பில் கமலாக்ஷியும் நாணுவும் லேனுக்குள் திரும்பினார்கள். பழைய சுக்குக் கிடங்கு வரைக்கும் ஜீப் தெரிந்தது. பிறகு பாதி ஜீப்தான் தெரிந்தது. ‘பெரியம்மை’ என்ற குழி அதை முன் சக்கரத்தோடு விழுங்கியிருந்தது.

லேனே வாசலுக்கு வந்துவிட்டது. மீன்காரர் முப்பிடாதி சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, “அது வலப்பக்கம் வரணும் சேச்சி, இடப்பக்கம் ஆழம்!” என்று காலங்கடந்த யோசனை சொன்னார்.

சிவசங்கரன் சாவியோடு ஓடி வந்தார். இதற்காகவல்லவா ஐம்பத்திரண்டு வருஷம் காத்திருந்தது! ஸ்டூலைப் போட்டு வண்டியில் ஏறினார். முள் டயர் தண்ணீரைக் கிழித்தது. குழாய் உறுமியது. விளக்கு நீலத்திலிருந்து சிவப்பாகி, என்ன நிறம் காட்டுவதென்று தெரியாமல் அணைந்தே போயிற்று. போன் வழியாக சுடலைமணி சொல்லச் சொல்ல, முழங்காலளவுத் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வின்ச் கயிற்றை ஜீப்பில் மாட்டினார். கயிறு இறுகியது. ஜீப் முனகியது. கமலாக்ஷி கோப்பைத் தலைக்கு மேல் பிடித்தபடி பானெட்டில் நின்றார். ஒரு இழுப்பில் அரசாங்கம் மேலே வந்தது.

லேன் கைதட்டியது. வண்டி வழியை அடைக்கிறது என்று எட்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள் “சிவசங்கரன் சாரே!” என்று கூவினார்கள். மாடியிலிருந்து ஸ்வர்ணலதாகூட லேசாகக் கைதட்டிவிட்டு, பிறகு நிறுத்திக்கொண்டாள்.

“இனி எழுதலாமே மேடம், சாலை இல்லைன்னு?”

கமலாக்ஷி புடவையைப் பிழிந்தார். “இல்லைன்னு எழுதான் பற்றில்லா, முடியாது. நாலு தார் இருக்கு. உண்டுன்னும் பற்றில்லா. நான் உள்ளே விழுந்தாச்சு.”

மூவரும் மழையில் நின்று யோசித்தார்கள். மனித மூளை நெருக்கடியில்தான் ஒளிவிடுகிறது. கமலாக்ஷி நனைந்த கோப்பிலேயே எழுதினார்: ‘மேற்படி லேன், நான்கு கட்டங்களாகத் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட பொதுச் சாகசத் தடம் என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது.’

எல்லோருக்கும் நிம்மதி. போர்டும் வந்தது. போர்டின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘தகுந்த தயாரிப்பு இல்லாத வாகனங்கள் உள்ளே நுழைவது தண்டனைக்குரியது.’

மறுநாளே நாணு லேன் முனையில் நின்று, மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு அபராதம் போட ஆரம்பித்தார். பால் ஸ்கூட்டருக்கு முள் டயர். ஆட்டோவுக்கு மூச்சுக்குழாய். முப்பிடாதியின் சைக்கிளுக்கு ஒரு பிவிசி பைப்பைத் தலை உயரத்துக்குக் கட்டிக் கொடுத்த சுடலைமணி, “இது எதுக்குன்னு மட்டும் கேக்காதீரும்” என்றார். முப்பிடாதி கேட்கவில்லை. பைப் வைத்த பிறகு மீன் கூடுதலாக விற்றது.

மலைமுரடர்கள் மலையை ரத்து செய்துவிட்டார்கள். மலை தூரம், அங்கே நல்ல கழிப்பறையும் கிடையாது. ஞாயிறுதோறும் பதினெட்டு வண்டிகளும் சுக்குப்புரை லேனுக்கு வந்து, வரிசையாகப் பெரியம்மையில் விழுந்து, வரிசையாக எழுந்தன. ஸ்வர்ணலதா மாடியில் நாற்காலி போட்டு, காப்பியும் சேவையும் கொடுத்து, பார்வையாளர்களைக் காசு வாங்கிக்கொண்டு உட்கார வைத்தாள். “சேத்துல இவ்வளவு இருக்குன்னு தெரியாமப் போச்சே” என்றாள். சிவசங்கரன் தடத்தின் தலைவர் ஆனார். லேனில் வீட்டு வாடகை ஏறியது.

மழை நின்றது. அப்போது ஒரு நாள், யாரும் எதிர்பாராத விதமாக, ஒரு தார் லாரி வந்தது. அதில் நிஜமாகவே தார் இருந்தது. கமலாக்ஷிக்கு மாற்றலாகி, விவரம் தெரியாத ஒரு புது அதிகாரி வந்திருந்தார்.

சிவசங்கரன் லாரிக்குக் குறுக்கே படுத்துவிட்டார். பக்கத்தில் முப்பிடாதி. அதற்கடுத்து, ஆரம்பத்திலிருந்து ரோடு கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருந்த கிடங்குக்கார அழகர்.

“என்ன வேணும் உங்களுக்கு?” என்று திகைத்தார் புது அதிகாரி.

“ரோடு வேண்டாம்!” என்று லேன் ஒரே குரலில் சொன்னது.

அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருஷ சர்வீஸில் பொதுமக்களின் ஒரு கோரிக்கையை உடனடியாக நிறைவேற்ற முடிந்தது அவருக்கு அன்றுதான். லாரியைத் திருப்பச் சொன்னார்.

ஆனால் வெயில் ஏற ஏறக் குழிகள் தூர்ந்தன. பெரியம்மை சிறுத்துப்போய் முழங்கால்கூட இல்லை. ஆழப்படுத்தித் தரக் கோரி மூன்று மனுக் கொடுத்தார்கள், பதிலே இல்லை. “ஒரு குழி வெட்டித் தர வக்கில்லை, இதெல்லாம் ஒரு ஆபீஸா!” என்று லேன் கொதித்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவசங்கரன் மண்வெட்டியை எடுத்தார். அவரைப் பார்த்து அழகர் கடப்பாரை எடுத்தார். வீட்டுக்கு ஒருவர் வந்தார்கள். பெண்கள் சட்டியில் மண் சுமந்தார்கள். சாப்பாடு வெட்டிய இடத்திலேயே. இத்தனை வருஷத்தில் ஒரு குழியை மூட ஒருத்தரும் குனியாத லேனில், சாயந்திரத்துக்குள் புதிதாகப் பதினோரு குழிகள், ஒரே ஆழத்தில், நூல் பிடித்தாற்போல.

சுள்ளிக்கல்லிலிருந்து வந்திருந்தவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். அவர்கள் தெருவில் ரோடு நன்றாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் விடியும்போது அங்கே கடப்பாரைச் சத்தம் கேட்டது.