ஆள்காட்டி வரைந்த வரைபடம்

ஒரு காட்டில், முட்டையிடும் பருவம் பார்த்து, இளம் வல்லுநர்களுக்கான பன்னாட்டுப் பாதுகாப்புக் கொள்கைப் பரிமாற்றக் கருத்தரங்கு ஒன்று கூட்டப்பட்டது. கூட்டியவர் உடும்பார். முட்டைகள்பால் அவர் கொண்டிருந்த அக்கறையை அறியாதார் அங்கு எவருமில்லை.

ஏரிநாட்டின் பேராளராக வந்திருந்தாள் வடிவாம்பாள் என்னும் ஆள்காட்டிக் குருவி. வறண்ட ஏரிப்படுகையில், கூழாங்கற்களுக்கு நடுவே, அவளுடைய நான்கு முட்டைகள் கிடந்தன, கணவன் அடைகாத்துக்கொண்டிருந்தான். அந்த நான்கையும் காக்க ஒரு வழி கற்றுப் போகவே அவள் வந்தாள். ஆர்வத்தில் கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் உறங்கினாள்.

முதல் நாள் குழுப்பயிற்சி. உடும்பார் நாவை இருமுறை நீட்டி இழுத்துக்கொண்டு தொடங்கினார்.

"ஒளிவுமறைவு உள்ள இடத்தில் நம்பிக்கை முளைக்காது. ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் நாட்டை வரைந்து, காவலற்ற இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிடுக. முட்டைகளின் எண்ணிக்கையையும் குறித்தல் நலம்."

பக்கத்து இருக்கையில் அக்கரை நாட்டுக் காடை. "அக்கா, நான் ஏழுன்னு போட்டிருக்கேன். பக்கத்துப் புல்லைக்கூட ஒண்ணொண்ணா வரைஞ்சிட்டேன். நீங்க?"

"நானும் போட்டுட்டேன் தங்கச்சி. புல்லெல்லாம் கேக்கலையே?"

"மதிப்பெண் கூடக் கெடைக்கும்ல."

எழுத்தர் ஆமை தாள்களை வாங்கிச் சென்ற பிறகே வடிவாம்பாளுக்கு உறைத்தது. ஆள்காட்டிக் குலத்துக்கு ஒரு வழக்கமுண்டு: பகையைக் கண்டால், கூடு இல்லாத இடத்துக்குப் பறந்து போய் அங்கே நின்று கத்தும். உடும்பாரின் நாவைக் கண்ட கணத்திலேயே, அவள் அலகிலிருந்த எழுதுகோல் படுகையை விட்டு நூறடி தள்ளி, ஒரு சீமைக்கருவேலம் புதரை வட்டமிட்டுவிட்டது.

நாணம் நல்லோர்க்கு அணிகலன், நன்மக்களே. அவள் நாணினாள். பன்னாட்டு அவையில் பொய்யா? அதுவும் நம்பிக்கை பற்றிய அமர்வில்? ஆமையின் மேசைக்கு விரைந்தாள். பதினொரு பேருக்குப் பின்னால் நின்று முறை வந்ததும் சொன்னாள்.

"ஐயா, என் வரைபடத்துல ஒரு பிழை. கூடு அங்க இல்லை."

"திருத்தப் படிவம் எழுதணும்மா."

"குடுங்க."

"தீந்துபோச்சு. படிவம் கேக்குற படிவம் இருக்கு, வேணுமா?"

அதையும் நிரப்பினாள். ஆமை நிதானமாகப் படித்தது.

"இதுல உடும்பு ஐயா கையெழுத்து வேணும். அவர் கள ஆய்வுக்குக் கெளம்பிட்டாரு. இன்னைக்கு அக்கரை. நாளைக்கு உங்க ஊரு."

"அவ்வளவு தூரம் நடந்து வந்து ஏமாந்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாரு?"

"கவலப்படாதம்மா. அவர் தேடாம விடமாட்டாரு."

இந்த ஆறுதலில் அவள் அன்றிரவு அமைதியாக உறங்கினாள்.

அந்தக் கருவேலம் புதருக்குள் ஒரு காட்டுப்பன்றி குட்டி ஈன்று படுத்திருந்தது. அச்செய்தி எவர் வரைபடத்திலும் இல்லை. மூன்றாம் நாள் நிறைவு விழாவில் உடும்பார் பாதி வாலோடு மேடையேறினார். இருக்கை இருந்தும் நின்றபடியே உரையாற்றினார். வடிவாம்பாளுக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. காரணம்: 'தரவு நம்பத்தக்கதன்று.' அவள் தலைகுனிந்து அழுதாள்.

வெளிப்படைத்தன்மைக்கான முதற்பரிசு காடைக்கு. "வரைபடத்தில் பிழை என்பதே இல்லை. ஏழும் குறித்த இடத்திலேயே இருந்தன" என்று உடும்பார் வயிறாரப் பாராட்டினார். பரிசு, உருண்டையான ஒரு பளிங்குக் கல். அரங்கம் கைதட்டிக்கொண்டிருக்கையில், காடை அதை மெல்லத் தரையில் வைத்து, சிறகை விரித்து, அதன்மேல் அமர்ந்தாள்.

வடிவாம்பாளின் அழுகை நின்றது. வெறுங்கையோடு ஏரிக்குப் பறந்தாள். நான்கும் இளஞ்சூட்டோடு இருந்தன.

நீதி: எந்நாளும் உண்மையே பேசுக. வீட்டு விலாசம் கேட்கும் அவையில் மட்டும், பன்றியின் விலாசத்தைத் தருக.