நூறாவது கோழிக்கு வரவேண்டிய ஊசி

எனக்கு முதலில் துரோகம் செய்தவர் கால்நடை டாக்டர் அரவிந்தன். அவருக்குப் பிறகு பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களையும் நான் மன்னிக்கவில்லை என்றாலும் வரிசை என்று ஒன்று இருக்கிறது. நான் நாலாவதுவரை படித்தவன். வரிசையில் நிற்பது மட்டும் எனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

என் பெயர் அரியமுத்து. எங்களுடையது பெரம்பலூர் மாவட்டத்தின் கடைசி ஊர். வாய்க்காலைத் தாண்டினால் அரியலூர் மாவட்டம். என்னிடம் ஒரு கோழி இருக்கிறது, பெயர் சீமாட்டி. ஆண்டிமடம் சந்தையில் வாங்கியது. முட்டைக்கும் இல்லை, குழம்புக்கும் இல்லை, சும்மா வளர்க்கிறேன். டீக்கடைக்குப் போனால் வண்டியின் முன்னால் உட்கார்ந்து அதுவும் வரும். நான் பேசுவதைக் கடைசிவரை கேட்கும் ஜீவன் வீட்டில் அது ஒன்றுதான்.

போன தை மாதம் ஒருநாள் சீமாட்டி தீனி எடுக்கவில்லை. கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் நின்றது.

"மிளகு அரைச்சுடறேன்," என்றாள் என் மனைவி அம்மாக்கண்ணு.

"மருந்துக்கா?"

"குழம்புக்கு."

டீக்கடையில் கேட்டேன். ஏழு பேர் ஏழு வைத்தியம் சொன்னார்கள். எல்லாவற்றிலும் கடைசியில் கொத்தமல்லி தூவ வேண்டியிருந்தது.

டவுனில் புதிதாகச் செல்லப்பிராணி மருத்துவமனை ஒன்று திறந்திருந்தார்கள். ஏசி போட்ட அறையில் நாய்கள் சட்டை போட்டுக்கொண்டு சோபாவில் இருந்தன. நாய்களை வளர்ப்பவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மேசையில் இருந்த மஞ்சு என்ற பெண் சீமாட்டியை எட்டிப் பார்த்தது.

"சார், கோழிக்கெல்லாம் இங்க பார்க்கறதில்ல."

"கிளிக்குப் பார்க்கறீங்களேம்மா. அதுவும் ரெண்டு கால், ரெண்டு இறக்கைதானே?"

"தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க பேஷண்டுங்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கறதே வேகவெச்ச கோழிதான்."

சோபாவில் இருந்த நாய் ஒன்று சீமாட்டியை அன்பாகப் பார்த்தது. நான் புறப்பட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அரசாங்க மருந்தகம். டாக்டர் அரவிந்தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரோகம் இங்கே ஆரம்பிக்கிறது.

"கோழிக்குச் சீக்கு சார்."

"வெள்ளைக்கழிச்சலா இருக்கும். ஊசி இருக்கு."

"போட்டுடுங்க சார்."

"எத்தனை கோழி?"

"ஒண்ணு."

"ஒண்ணுக்கெல்லாம் பாட்டில் திறக்க முடியாதுங்க. ஒரு பாட்டில் நூறு கோழிக்கு. திறந்தா ரெண்டு மணி நேரத்துல தீர்த்தாகணும். மிச்சமானா நான் மேல பதில் சொல்லணும்."

"கோழி செத்தா?"

"அதுக்கு யாரும் பதில் கேக்கறதில்ல."

கடைசியில், சனிக்கிழமைக்குள் நூறு கோழி சேர்த்துக் கொண்டுவந்தால் 'சிறப்பு முகாம்' நடத்தித் தருவதாக ஒத்துக்கொண்டார். அதுவரை ஒருதடவைகூட அவர் என் கோழியைப் பார்க்கவில்லை.

மூன்று நாள் அலைந்தேன். எங்கள் ஊரில் நான் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாத வீடுகள் பதினொன்று. சீமாட்டிக்காக அந்த வாசல்களிலும் போய் நின்றேன். முத்தாயி வீட்டில் பன்னிரண்டு கோழி. வேலித்தகராறில் ஆறு வருடமாக எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை.

"என் கோழி நல்லாத்தானே இருக்கு? உன் கோழிக்குச் சீக்குன்னா என் கோழிக்கு எதுக்கு ஊசி?"

"உன்னுதுக்குப் போட்டாத்தான் என்னுதுக்குப் போடுவாங்களாம்."

"யாரு, கவர்மெண்டா?"

"ஆமா."

"அப்ப சரி," என்று கூடையை எடுத்தாள்.

எங்கள் ஊரில் அறுபத்தொரு கோழிதான் தேறியது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் முப்பத்தெட்டு பிடித்து வந்தேன். சீமாட்டியோடு சேர்த்தால் நூறு. ஆனால் முகாமில் டாக்டர் அந்த முப்பத்தெட்டை ஒதுக்கிவிட்டார். அவை அரியலூர் மாவட்டத்துக் கோழிகளாம், பெரம்பலூர் மருந்தை அவற்றுக்குப் போட்டால் தணிக்கையில் மாட்டுமாம். உதவியாளர் மகேஷ் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சார், தற்காலிகமா இடம்பெயர்ந்த கோழிகள்னு போட்டுடலாமா?"

டாக்டர் முகம் மலர்ந்தது. இடம்பெயர்ந்த கோழிகளின் உரிமையாளர்கள் வரிசையாகக் கைநாட்டு வைத்தார்கள். பேனர் கட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். தொண்ணூற்றொன்பது கோழிகளும் இறக்கையில் ஊசி வாங்கிக்கொண்டு கத்தின. கடைசியாக நான் சீமாட்டியை நீட்டினேன். டாக்டர் அதை முதல்முறையாகப் பார்த்தார்.

"இது சீக்குக் கோழியாச்சே. சீக்குக் கோழிக்குத் தடுப்பூசி போடக்கூடாதுங்க."

"சீக்குன்னுதானே சார் உங்ககிட்ட கொண்டாந்தேன்?"

"சீக்கு இல்லாதப்ப கொண்டாந்திருக்கணும்."

"சீக்கு இல்லாத கோழியை எவன் சார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வருவான்?"

"அந்த விழிப்புணர்வு இல்லாததாலதான் இந்த முகாமே."

அதைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். முத்தாயி கொஞ்சம் அதிகமாகவே தட்டினாள்.

பாட்டிலில் மிச்சம் காட்டக்கூடாது என்பதால் பதிவேட்டில் நூறு கோழி என்றே எழுதினார்கள். அரியமுத்து, கோழி ஒன்று, ஊசி போடப்பட்டது. அந்த ஒரு ஊசி மருந்தைப் புளியமரத்தடியில் கொட்டினார் மகேஷ். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டில் அம்மாக்கண்ணு சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள் அரைத்து உருட்டி ஐந்து நாள் ஊட்டினாள். குழம்புக்கு எடுத்து வைத்த அதே சாமான்கள்தான். கோழிக்கு வெளியே இருக்கவேண்டியது உள்ளே போயிற்று, அவ்வளவுதான். சீமாட்டி எழுந்து நடந்தது. ஆறாம் நாள் மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"இப்ப சீக்கு இல்ல சார். போடுங்க."

மகேஷ் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "உங்களுக்குப் போட்டாச்சே. ரெண்டாந்தடவை போட்டா கோழிக்கு ஆகாதுங்க."

இதற்கிடையில் டவுன்காரர்களுக்கு ஒரு மோகம் வந்திருந்தது. ஊசி போடாத நாட்டுக்கோழிதான் உடம்புக்கு நல்லதாம். செல்போனில் யாரோ சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தவர்கள் எங்கள் ஊர் பேனரைப் படித்தார்கள். 'நூறு சதவீதம் தடுப்பூசி செலுத்தப்பட்ட கிராமம்' என்று இருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊரே என்னைத் திட்டியது. வேலித்தகராறு மறுபடி உயிர் பெற்றது. டாக்டருக்கு மட்டும் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது.

போன வாரம் அந்த டாக்டரே என் வீட்டுக்கு வந்தார். தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெரியவரே, நாளைக்கு மேலதிகாரி வராரு. ஊசி போடாத கோழின்னாத்தான் கை வைப்பாராம். ரெண்டு மாவட்டமும் தேடிட்டேன். உங்க கோழிதான் இருக்கு."

"எங்க ஊர்ல எல்லாத்துக்கும் போட்டாச்சே சார்."

"உங்களதுக்குப் போடலல்ல?"

"புத்தகத்துல போட்டிருக்கே."

"அவரு புத்தகத்தையா சாப்பிடப் போறாரு?"

"ஊசி போடலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்புறம் பேசலாம்."

டாக்டர் சுவரைப் பார்த்தார், சான்றிதழை நினைத்திருப்பார். சீமாட்டி அவர் செருப்பின் மேல் எச்சமிட்டது. எழுந்து போய்விட்டார்.

இதில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முந்தாநாள் என் மகள் வெற்றிச்செல்வி வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். இலையில் கோழிக்குழம்பு விழுந்ததும், "ஏம்மா, இது ஊசி போடாததுதானே?" என்று நானே கேட்டேன். "போடாததுதாம்பா" என்றாள். மூன்று துண்டு சாப்பிட்டேன்.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சீமாட்டிக்கு ஒரு ஊசி வரவேண்டியிருக்கிறது. சனிக்கிழமைதோறும் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்கிறேன். இதுவரை போடவில்லை.