மகளிர் மல்யுத்தத்துக்கு நான் ஆற்றிய தொண்டு

இந்தத் தேசத்தில் மகளிர் மல்யுத்தம் தழைத்ததற்கு மூன்று பேர் காரணம். மற்ற இருவர் யாரென்று எனக்குத் தெரியாது. திருவிடைமருதூர்ப் பக்கத்தில் கோவிந்தராசு என்ற பெயருக்கு உள்ள மரியாதை எல்லோரும் அறிந்தது என்பதால், இதைத் தற்பெருமையின்றிச் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்துப் பெண்கள் சத்தமாகத் தும்மியதுகூடக் கிடையாது. அப்படிப்பட்ட குடும்பத்தின் தலைவன், 1990ஆம் ஆண்டு, தான் உறுப்பினனாக இருந்த பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் (சிண்டிகேட்டில்) எழுந்து நின்று, பெண்கள் ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டே ஆகவேண்டும் என்று நாற்பது நிமிடம் முழங்கினான். அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய கொள்கை இருந்திருக்க வேண்டும்? இருந்தது. ஏழு ஏக்கர். ஆற்றுப் பாசனம். குறுவை, தாளடி என்று இரண்டு போகமும் விளையும்.

கொள்கையின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கருக்கு மேல் கூடாது என்று அரசு சட்டம் கொண்டுவரப் போகிறது என்ற செய்தி 1969இல் காதில் விழுந்தது. நான் சட்டத்தை மிகவும் மதிப்பவன். அதனால் அது வருவதற்கு முன்பே அதற்குத் தயாரானேன். என் மகள் மங்களாம்பிகை அப்போது தொட்டிலில் கிடந்தாள். அவளுக்குப் பல் முளைப்பதற்கு முன்பே பட்டா முளைத்தது. பெண்ணின் சீதனம் குடும்பக் கணக்கில் சேராது என்பதால், சீதனம் என்று பத்திரம் எழுதினோம். பத்திரத்தில் நிலம் அவளுடையது. நெல் என் பத்தாயத்துக்கு வரும். குத்தகைக்கு உழுதவன் தங்கையன். இருபது ஆண்டுகளாக அவன் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறாமல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். குத்தகைப் பதிவேட்டில் ஒருவன் பெயர் ஏறிவிட்டால், பிறகு அவனை அந்த வயலிலிருந்து இறக்கப் பட்டாளம்தான் வரவேண்டும்.

இந்த அமைதியைக் கெடுப்பதற்கென்றே விவசாயிகள் சங்கத்துக்காரர் ஒருவர் மனுப் போட்டார். அந்த ஏழு ஏக்கரும் 'பினாமி'யாம். நிலச் சீர்திருத்த அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. மகள் நேரில் வந்து நிலம் தன்னுடையதுதான் என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நிலம் அரசுக்குப் போகும். வழக்கு என் மேல் வரும்.

மங்களம் கும்பகோணத்தில் பட்டப்படிப்பு மூன்றாம் ஆண்டு. மாலையில் எம்பிராய்டரி வகுப்புக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். எம்பிராய்டரியில் முழங்கை சிராய்த்துக்கொள்ளுமா என்று நான் சில நாள் வியந்ததுண்டு. நோட்டீஸைக் காட்டியபோதுதான் உண்மை வெளிவந்தது.

"சொல்றேம்பா. என் நிலந்தான்னு சொல்றேன். ஆனா அடுத்த வாரம் சிண்டிகேட்டுல பொண்ணுங்க மல்யுத்தம் வருதுல்ல, அதுக்கு நீங்க எழுந்து பேசணும்."

"நான் ஏம்மா அதுக்குப் பேசணும்?"

"பல்கலைக்கழகத்துக்கு டீம் இருந்தாத்தான் நானும் வேம்பும் டில்லிக்குப் போட்டிக்குப் போக முடியும். எங்களுக்குச் சொல்லிக்குடுக்கற மஜீது சார் மூணு வருஷமா எழுதிப் போடறாரு. மூணு வருஷமும் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டது நீங்க."

வேம்பு என்பவள் தங்கையன் மகள். அதே கல்லூரி, அதே 'எம்பிராய்டரி'.

"குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கும்மா."

"சரிப்பா. ஆபீசர் நிலத்தைப் பத்திக் கேட்டா அதையே சொல்லிடவா?"

என் மனைவி அகிலாண்டத்திடம் நியாயம் கேட்டேன். மல்யுத்தம் செய்கிறவர்களுக்குத் தினம் எத்தனை முட்டை வேண்டும் என்று அவள் மகளிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்சிக்குழு இந்த விஷயத்தை அலட்சியமாகக் கையாண்டதாக யாரும் நினைக்கக்கூடாது. 'மகளிர் மல்யுத்தச் சாத்தியக்கூறு ஆய்வுக் குழு' ஒன்று மூன்று ஆண்டுகளாக இயங்கி, முந்திரிப் பகோடா இல்லாமல் கூடுவதில்லை என்ற அளவுக்கு முடிவுகள் எடுத்திருந்தது. ஓய்வுபெற்ற முதல்வர் துரைக்கண்ணு அதன் தலைவர். ஒருவரை ஒருவர் தொடாமல் மல்யுத்தம் செய்ய வழியுண்டா என்று அவர் கேட்டார். உடற்கல்வி இயக்குநர் அப்துல் மஜீது பணிவோடு எழுந்தார்.

"இருக்குங்க ஐயா. அதுக்குப் பேச்சுப் போட்டின்னு பேரு."

அப்போது நான் எழுந்தேன். மேடைத் தமிழால் ஆட்சிக்கு வந்தவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் அன்றைக்கு அந்தத் தமிழ் என் வாயில் தானாக வந்தது. மங்கையர் மல்லுக்கு நின்றால் மாநிலம் மணக்கும் என்றேன். நாள் முழுதும் சேற்றில் குனிந்து நடவு நட்டு, அறுப்புக் காலத்தில் ஆள் கனத்துக்குக் கட்டுச் சுமக்கும் பெண்களுக்கு உடல் வலு ஆகாது என்று எந்தப் பேராசிரியர் சொல்வார் என்று கேட்டேன். பெண்களுக்குக் கபடி அணி இருக்கிறதே. ஏழு பேர் சேர்ந்து ஒருத்தியை அமுக்கினால் பண்பாடு, ஒருத்தியே அமுக்கினால் சீரழிவா என்று கேட்டேன். ஆண்களுக்கு வாங்கிய மல்யுத்த மெத்தை பாதி நாள் சும்மா கிடக்கிறது, அதை எலி கடிக்கிறது, எலிக்கு உள்ள உரிமை நம் பெண்களுக்கு இல்லையா என்று கேட்டபோது என் கண்ணே கலங்கிவிட்டது. ஒவ்வொரு கேள்வியும் நியாயமாக இருந்ததுதான் எனக்கே அதிர்ச்சி. மூன்று ஆண்டுகளாக இவையெல்லாம் எனக்கு எப்படித் தோன்றாமல் போயின?

நேரில் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும் என்றார் துரைக்கண்ணு. நாற்காலிகளை ஒதுக்கி, அந்த மெத்தையையே கொண்டுவந்து விரித்தார்கள். முழுக்கால் சட்டையும் முழுக்கைச் சட்டையுமாக மங்களமும் வேம்பும் வந்து நின்றார்கள்.

நாலே விநாடி. என் மகள் மல்லாந்து கிடந்தாள். எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றடியைத் தாண்டி ஒருநாளும் உள்ளே விடப்படாத தங்கையன் மகள், என் மகளின் இரு தோள்களையும் மெத்தையில் அழுத்தியபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வணக்கங்க ஐயா" என்றாள்.

ஆட்சிக்குழு முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. தலைமுறை தலைமுறையாகக் காத்த மானம் ஒரு தட்டில். ஏழு ஏக்கர் இன்னொரு தட்டில். கைதட்டினேன். அடுத்த சுற்றில் மங்களம் அவளைச் சாய்த்தாள். அதற்கு நான் சற்றே கூடுதல் சத்தமாகக் கைதட்டியதை நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்காமல் விட்டது பதிவாளரின் பெருந்தன்மை. தீர்மானம் நிறைவேறியது. துரைக்கண்ணு மட்டும் நடுநிலை வகித்துப் பகோடா சாப்பிட்டார்.

திங்கட்கிழமை விசாரணை. அதிகாரி கண்ணுசாமி கோப்பைப் பிரித்து, நிலம் யாருடையது என்று மங்களத்திடம் கேட்டார்.

"என்னுதுதாங்க."

நான்கு எல்லை கேட்டார். வடக்கே வாய்க்கால், கிழக்கே மூங்கில் கொல்லை என்று பிசகாமல் ஒப்பித்தாள். நான் மீசையை ஒதுக்கிக்கொண்டேன்.

"சாகுபடி பண்றது யாரும்மா?"

"தங்கையன்னு ஒருத்தருங்க. இருபது வருஷமா அவர்தான் உழுறார். குத்தகைப் பதிவுல இன்னும் அவர் பேரு ஏறலை. நிலத்துக்காரி நான் சம்மதிச்சுப் பதியச் சொல்ற மனு இது. இனிமே குத்தகை நெல்லை என்கிட்டயே அளக்கச் சொல்லியிருக்கேன்."

மனுவை எழுதியிருந்தது வேம்புவின் கை. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

கண்ணுசாமி என் பக்கம் திரும்பினார்.

"ஐயாவுக்கு ஏதும் ஆட்சேபணை உண்டுங்களா? நிலம் உங்களுதுன்னா இப்பவே சொல்லிடுங்க. எழுதிக்கிறேன்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்னுடையது என்று வாயைத் திறந்தால் இந்த ஏழோடு முடியாது. என் மாமியார் பெயரில் ஒன்பது ஏக்கர் இருக்கிறது. என் பெரியப்பா பெயரில் ஆறு. அவர் காலமாகிப் பத்து வருஷம் ஆகியும் தவறாமல் சாகுபடி செய்துவருகிறார். எல்லாம் மளமளவென்று வெளியே வரும். வலப்பக்கம் நகர்ந்தால் வழக்கு. இடப்பக்கம் நகர்ந்தால் தங்கையன். மங்களம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை, சிரிப்பு இல்லை. மஜீது நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"ஆட்சேபணை இல்லை. நிலம் அவளுதுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

பெண்கள் மல்யுத்தம் பழகினால் ஒழுக்கம் கெடும் என்று இன்றைக்கும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அவர்களுக்கு என் அனுபவத்தையே சான்றாக வைக்கிறேன். உச்சவரம்புச் சட்டம் வந்த நாள் முதல் நான் அரசாங்கத்துக்குக் கொடுத்த பதினெட்டு வாக்குமூலங்களில், உண்மையானது அது ஒன்றுதான்.