லிஃப்ட் கதவு பாதியில் வெட்டிய சொல்

பாசத்தில் என்னையும் கோபத்தில் உன் அம்மாவையும் உரித்து வைத்திருக்கிற என் அக்கா மகளுக்கு, மாமன் எழுதுவது. இங்கே நான் நலம். உன் அம்மாவும் நலமாகத்தான் இருக்க வேண்டும். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று நான் சொன்னது நிஜமா என்று கேட்டாயே, நிஜம்தான். போனில் விளக்கினால் நடுவில் சிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

உன் வருங்கால மாமனார், அந்த இங்கிலீஷ் புரொபசர், மாப்பிள்ளையோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. தாய்மாமன் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிற வீட்டில் இது நடந்தால் மானம் போகுமா, போகாதா? ஓடிப்போய்க் கதவை நெம்பி, "பயப்படாதீங்க சார், இது விழாது, விழுந்தா என் வேலைதான் போகும்" என்று சிரிக்க வைத்து, தோளைப் பிடித்து மேலே தூக்கி, தண்ணீர் கொடுத்து, சட்டையில் பட்ட கிரீஸைத் துடைக்கப்போய் இன்னும் கொஞ்சம் பூசி, லிஃப்டைச் சரிசெய்து மறுபடி ஏற்றிவிட்டேன். கதவு மூடுகிற நேரத்தில் என்னைக் காட்டி மகனிடம் "அவன் குல..." என்கிறார். கதவு மூடிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. காப்பாற்றினவனை 'அவன்' என்பதோடு, குலம் வேறு விசாரிப்பதா? படியில் தடதடன்னு இறங்கி, கீழே கதவு திறந்ததும், "குலம் கோத்திரம் பாக்குற வீட்டுக்கு எங்க பொண்ணு வர்றது அவ இஷ்டம், கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்"னு கத்திட்டேன். மனுஷன் திருதிருன்னு முழிச்சார். உன் அம்மா மாடியிலேயே தலையில அடிச்சுக்கிட்டா.

அப்புறம் மாப்பிள்ளை போன் பண்ணி, "மாமா, அப்பா சொன்னது அவங்குலர், அது இங்கிலீஷ்" என்றார். நான் நம்புவேனா? பத்திரிகை ஆபீஸ் லிஃப்டுக்கு எண்ணெய் போடப் போனப்ப, அங்க பிழை திருத்துற அம்மாகிட்ட கேட்டேன். தலகாணி மாதிரி அகராதியைப் புரட்டிட்டு, "மாமா மாதிரி அன்பா, சிரிச்ச முகமா நடந்துக்கிறவர்னு அர்த்தம். லத்தீன்ல தாய்மாமனுக்குன்னே இருந்த சொல்லுலேர்ந்து வந்தது, சித்தப்பாவுக்கு அங்க வேற சொல்லு. அங்கிள்ங்கறதும் இதுலேர்ந்துதான்" என்றார். எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. எதிர்வீட்டு அங்கிள், பேப்பர் போடுற அங்கிள் எல்லாரும் இத்தனை நாளா நம்ம சொத்தைத்தான் அனுபவிச்சிட்டு இருக்காங்க.

புரொபசர் எனக்கு மாலை போட்டிருக்கிறார். நான் அவர்மேல் கிரீஸையும் பழியையும் பூசியிருக்கிறேன். உன்னைத் தோளில் சுமந்து வளர்த்தவன் உன் கல்யாணத்தன்று வேறு எங்கே போய் உட்காருவேன்? நீதான் அவரிடம் பேசி எனக்கு ஒரு நாற்காலி வாங்கித் தர வேண்டும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் மனம் நிறைந்த ஆசிகள். புரொபசருக்கு வணக்கமும் ஒரு புதுச் சட்டையும்.

இப்படிக்கு,
இங்கிலீஷிலும் தாய்மாமனான உன் மாமன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அந்தப் பத்திரிகை ஆபீஸ் அம்மா போன் செய்தார். அந்த லத்தீன் சொல்லைப் பிரித்தால் 'குட்டித் தாத்தா' என்று வருகிறதாம். தலைக்கு மை அடித்து அழகாக இருக்கிறவனைப் பார்த்துத் தாத்தாவா? மேலே எழுதியதெல்லாம் ரத்து, நான் வரவில்லை. இதைச் சத்தமாகப் படித்தேன். உன் அம்மா மௌனவிரதத்தை முடித்துக்கொண்டு, "அவளுக்குப் பிள்ளை பொறந்தா உன்னைத் தாத்தான்னுதானே கூப்பிடும்?" என்று கேட்டாள். ரத்து செய்ததும் ரத்து. வருகிறேன், கண்ணு. ஆனால் அப்படிக் கூப்பிட உன் பிள்ளைக்குத்தான் முதல் உரிமை. அதுவரை புரொபசரைக் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்.