அருள்மொழிக்கு மூன்று சதவீதம்

குருவிநத்தம்,
பாகூர் கொம்யூன்.

மதிப்பும் பிரியமும் இப்போதைக்குக் கொஞ்சம் கோபமும் உரிய பெரிய மச்சான் புகழ்வேந்தன் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய தமிழ்க்குமரன் எழுதுவது. இங்கே நான், ஜெயசுதா, பிள்ளை அருள்மொழி மூவரும் உடம்பால் சுகம். மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அமெரிக்காவில் நீங்களும் அக்காவும் பனியில் வழுக்கி விழாமல் நடமாட எங்கள் ஊர்த் தெய்வங்கள் காவல் நிற்கட்டும். இதையெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் அதில் நான் எதை எழுதினாலும் நீங்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். காகிதத்துக்கு அப்படிக் காட்ட வழியில்லை, படித்துத்தான் ஆகவேண்டும்.

போன வருஷம் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தீர்களே, அன்றைக்குப் பிடித்தது சனி. அருள்மொழியின் பத்தாம் வகுப்பு மார்க்கைக் கேட்டுவிட்டு, வாயில் வடையோடு, "இவ ஐவி லீக் மெட்டீரியல் மாப்ள" என்றீர்கள். ஐவி என்றால் ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி ஏற்றும் பாட்டில் என்றுதான் எனக்குத் தெரியும். பிள்ளைக்கு என்னமோ உடம்புக்கு ஆகிவிட்டது போலிருக்கிறது என்று பயந்தே போனேன். பிறகு நீங்கள் விளக்கினீர்கள்: அமெரிக்காவின் பெரிய கல்லூரிகள், உலகத்திலேயே பெரிய படிப்பு, நம் பிள்ளைக்கு வாய்ப்பு எவ்வளவு என்று கணித்துச் சொல்ல இப்போது ஆட்கள் இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள். நான் அருள்மொழியைக் கூட்டிக்கொண்டு பாண்டிக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் மகாலட்சுமி மேடம் என்று ஒருவர். ஏசி குளிரில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அருள்மொழியின் மார்க்கையும் என் வருமானத்தையும் கம்ப்யூட்டரில் தட்டினார். அது கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு மூன்று என்று காட்டியது. "த்ரீ பர்சன்ட் சார்" என்றார், நல்ல சேதி சொல்வது மாதிரி. எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது மச்சான். "இன்னா மேடம் சொல்றீங்க? சர்க்கரை ஆலைக்காரன் என் கரும்புக்கே சர்க்கரைச் சத்து ஒம்போது பர்சன்ட்னு போடுறான், என் பொண்ணுக்கு மூணா?" என்றேன். மார்க் எல்லோரிடமும் இருக்கிறது சார், மார்க்கைப் பார்த்து அங்கே யாரும் எடுப்பதில்லை, பிள்ளைக்கு ஒரு தீராத ஆர்வம் இருக்கவேண்டும் என்றார். "ஸ்கூல் வுட்டதும் இன்னா பண்ணுவ நீ?" என்று அருள்மொழியைக் கேட்டார். கரும்புக் கொல்லைக்குப் போய் ஒரு கரும்பைப் பிளந்து முகர்ந்து பார்ப்பேன், செவ்வழுகல் நோய் வந்திருந்தால் புளித்த சாராய வாடை அடிக்கும் என்று பிள்ளை உள்ளதைச் சொன்னது. மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டார். "சாராய வாடையெல்லாம் அப்ளிகேஷன்ல போட முடியாதும்மா" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, விளையாட்டு ஏதாவது, குதிரையேற்றம், துடுப்பு, ஃபென்சிங் என்று அடுக்கினார். ஃபென்சிங் என்றதும் எனக்கு உயிர் வந்தது. "அதுல கில்லாடி மேடம், சின்ன வயசுலேர்ந்து என்கூட சேர்ந்து பண்ணும்" என்றேன். அவர் முகம் மலர்ந்து கடகடவென்று தட்டினார். மூன்று நாலாகி ஐந்தானது. மாநில அளவா, மாவட்ட அளவா என்று கேட்டார். "வடக்குக் கொல்லை முழுக்க, கல்லுக்கால் நட்டு முள்ளுக்கம்பி கட்டுனதே நாங்க ரெண்டு பேருதான்" என்றேன். அவர் சொன்னது வாள்சண்டையாம். ஐந்து மறுபடி மூன்றாகிவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது அருள்மொழி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தது. அழுகிறதோ என்று எட்டிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தது.

அடுத்தது தலைமைப் பண்பு. பிள்ளை ஏதாவது ஒரு இயக்கத்தைத் தொடங்கி நிறுவனர் ஆகவேண்டும், படம் வேண்டும் என்று உத்தரவு. சரி, நம் வாய்க்காலை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையை எடுப்போம் என்று நானே ஒரு இயக்கத்துக்குப் பெயர் வைத்தேன். ஊரில் ஒவ்வொரு வூடாகப் போய்க் கூப்பிட்டேன். சம்பளம் உண்டா என்றார்கள். சமூக சேவை என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிரியாணி உண்டு என்றேன், திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு கூட்டம், வாய்க்காலில் தண்ணீரைவிட ஆள் அதிகம். சேதி எப்படிக் கசிந்ததோ, நம் ஊர்க் கட்சிக்காரர் அய்யனார் வெள்ளை வேட்டியோடு வந்து இறங்கினார். கூடவே ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அதில் அவர் முகம் டிராக்டர் சக்கரம் அளவுக்கு இருக்கிறது, கீழே மூலையில் நம் அருள்மொழி ஸ்டாம்ப் அளவில். "பொண்ணு படிப்பு விசயம், நாம இல்லாம எப்படிப்பா?" என்று என் தோளைத் தட்டிவிட்டு ஒரே ஒரு ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக் கேமராவைப் பார்த்தார். அது கையோடு வந்தபிறகுதான் மற்றவர்கள் பிடுங்க ஆரம்பித்தார்கள், அதுவும் பிரியாணி வண்டி வரும்வரைக்கும். மகாலட்சுமி மேடம் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "சார், இந்த போட்டோவ அனுப்புனா அவருக்குத்தான் சீட்டு கெடைக்கும்" என்றார்.

இதோடு நிறுத்தியிருக்கலாம் மச்சான். நிறுத்தவில்லை. கடைசியில் கட்டுரை என்று ஒன்று வந்தது. பிள்ளை தன் கஷ்டத்தைத் தானே எழுதவேண்டுமாம், படிக்கிறவர்களுக்குக் கண்ணீர் வரவேண்டுமாம். மேடம் எங்களை உட்காரவைத்து விசாரித்தார். வீட்டில் சமீபத்தில் யாராவது தவறிப்போனார்களா? இல்லை. வெள்ளத்தில் வீடு போனதா? தண்ணீர் வாசலோடு போய்விட்டது. "சார், நீங்க குடிப்பீங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். பாண்டியில் பிறந்தும் குடிக்காமல் இருந்துவிட்டோமே என்று வாழ்க்கையில் முதல்முறையாக அன்றைக்குத்தான் வெட்கப்பட்டேன். "கஷ்டம் பத்தல சார். நீங்க ஏழையும் இல்ல, பணக்காரரும் இல்ல, நடுவுல மாட்டிக்கிட்டீங்க. ஒரு குடிசை முன்னால பொண்ண நிக்கவச்சி ஒரு படமாவது எடுத்துக் குடுங்க" என்றார். நம் கொல்லையில் கரும்பு வெட்ட வரும் காசம்மாள் வூட்டுக்குப் போனேன். அங்கே போய்ப் பார்த்தால் குடிசையைக் காணோம். தளம் போட்ட வூடு, தரையெல்லாம் டைல்ஸ், மகன் துபாயிலிருந்து அனுப்பிய காசில் ஏசி வேறு. விசயத்தைச் சொன்னதும் அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தது. "ஏம்பா, குடிசைல இருந்த வரைக்கும் எங்க வூட்டு வாசல மிதிச்சியா நீ? இப்ப உம் பொண்ணு அமெரிக்கா போவறதுக்கு எங் குடிசை வேணுமா? போய் உம் மாட்டுக் கொட்டாய்ல எடு" என்றது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தவன், வெட்கமில்லாமல் அந்த யோசனையைத்தான் எடுத்துக்கொண்டேன்.

மாட்டுக் கொட்டகையில் கட்டிலைப் போட்டு, ஒரு சிம்னி விளக்கைத் தேடி ஏற்றி, பிள்ளையைப் புத்தகத்தோடு உட்காரவைத்தேன். உங்கள் தங்கை வந்து பார்த்தாள். "உள்ள டியூப் லைட்டு, ஃபேனு, படிக்கிற டேபிளு எல்லாத்தையும் வச்சிக்கினு எம் பொண்ணு சாணியில பொரண்டு வளந்தான்னு ஊரு ஒலகத்துக்குச் சொல்லப் போறியா? நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று விளக்கை ஊதி அணைத்துவிட்டு, அருள்மொழியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றவில்லை.

குடிசைப் படம் இல்லாமலே பல கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போனது, இத்தனைக்கும் பிறகு நேர்காணல் வந்தது. அந்தக் கல்லூரிகளில் ஒன்றில் படித்த ஒருவர் பெங்களூரிலிருந்து வீடியோவில் பேசினார். நான் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டேன். இங்கிலீஷ்தான், ஆனால் பெற்ற பிள்ளை பேசுவது எனக்கு எப்படியோ விளங்கிவிட்டது. உன் இயக்கத்தைப் பற்றிச் சொல் என்றார் அவர். அது அப்பா ஆரம்பித்தது சார், பிரியாணி தீர்ந்ததும் அதுவும் தீர்ந்துவிட்டது என்றது பிள்ளை. பீரோ ஆடியது, நான் சாய்ந்ததால். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உனக்கு உண்மையில் எது பிடிக்கும் என்றார். அதற்கப்புறம் நம் பிள்ளை கரும்பு நோயைப் பற்றிப் பேசிற்று பாருங்கள், நிறுத்தவே இல்லை. அவரும் நிறுத்தச் சொல்லவில்லை. கைகளை வீசி வீசி, கண் விரிய விரிய, எங்களிடம் ஒருநாளும் அது அப்படிப் பேசியதில்லை. நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகாலட்சுமி மேடத்துக்குச் சொன்னபோது, "பிரியாணியையா சொன்னா?" என்று கேட்டுவிட்டு மறுபடி கணக்குப் போட்டார். அரை சதவீதம் என்றார்.

போன வாரம் முடிவுகள் வந்தன, ஒன்றைத் தவிர. இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை விரட்டியதில்லை மச்சான். உங்கள் பிள்ளை அபாரமானவர், அவரைப் பற்றிப் படித்தது எங்கள் பாக்கியம், ஆகையால் இடமில்லை என்கிறார்கள். ஒவ்வொன்றையும் அருள்மொழி எனக்குத் தமிழில் படித்துக் காட்டியது. கடைசி மடலைப் படிக்கும்போது நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். "இன்னாத்துக்குப்பா அழுவற? நான் ஃபெயிலா ஆயிட்டேன்?" என்று கேட்டுவிட்டு மோர்சோற்றைப் பிசைந்து எனக்கு முன்னால் வைத்தது. உங்கள் மகன் கலைவேந்தனுக்கும் அதே மடல்தான் வந்ததென்று அக்கா போனில் தேம்பினாராம். வயலின் வாசித்தவன், ரோபோ செய்தவன், கடற்கரையில் ஆமைக்குஞ்சு பொறுக்கியவன், அவனும் வேண்டாமென்றால் அங்கே யாரைத்தான் சேர்க்கிறார்கள்? பிள்ளையை ஒன்றும் சொல்லாதீர்கள். அவன் சாப்பிடுகிறானா என்று மட்டும் பாருங்கள்.

ஆகவே மச்சான், நான் முடிவெடுத்துவிட்டேன். இனி என் பெண்ணை எந்தக் கண்ணாடிக் கட்டடத்திலும் எவரும் எடைபோட விடமாட்டேன். அருள்மொழி நம் பாண்டி அரசாங்கத்தின் சென்டாக் சேர்க்கையில் விண்ணப்பம் போட்டு, காரைக்கால் வேளாண் கல்லூரியில் படிக்கட்டும். அதன் விருப்பமும் அதுதான் என்று உங்கள் தங்கை சொல்கிறாள். அடுத்த முறை வரும்போது நீங்கள் வடையைத் தின்னுங்கள், யோசனை மட்டும் சொல்லாதீர்கள். அக்காவுக்கு என் வணக்கம், கலைவேந்தனுக்கு ஆசீர்வாதம். உங்கள் வீட்டு ஹீட்டர் எந்தக் குளிரிலும் அணையாமல் எரியட்டும்.

இப்படிக்கு,
தெளிவடைந்த உங்கள் தங்கை கணவன்,
தமிழ்க்குமரன்

பின்குறிப்பு: மேலே எழுதிய அனைத்தையும் தயவுசெய்து மறந்துவிடவும். உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மகாலட்சுமி மேடம் போன் செய்தார். மிச்சமிருந்த அந்த ஒரு கல்லூரி நம் பிள்ளையைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறதாம்! வாய்ப்பு இரண்டு சதவீதமாம். இரண்டு என்பது பூஜ்யம் இல்லையே மச்சான். அந்த இரண்டில் நம் பிள்ளை இருக்கக்கூடாதா? புதிதாக ஒரு சாதனை செய்து உடனே அனுப்பவேண்டும் என்கிறார். பாகூர் ஏரியில் அருள்மொழி தலைமையில் பறவை கணக்கெடுக்க நாளைக்கே ஏற்பாடு செய்கிறேன், இந்த முறை தக்காளி சாதம்தான். அந்தக் கல்லூரியில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா? வாட்ச்மேனாக இருந்தாலும் பரவாயில்லை. உடனே போன் செய்யவும்.

மாமா, அருள்மொழி எழுதுகிறேன். கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி அப்பா என்னிடம் கொடுத்தார், கீழே கொஞ்சம் இடம் இருந்தது. மேடம் போன் செய்து முடித்த கையோடு நான் அந்தக் கல்லூரிக்கு "வேண்டாம், நன்றி" என்று பதில் அனுப்பிவிட்டேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அவர் இப்போது அய்யனார் மாமா வீட்டில் பைனாகுலர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நீங்களே போனில் சொல்லிவிடுங்கள் மாமா. நான் சொன்னால் ஒன்றும் பேசாமல் சாப்பிடாமல் படுத்துவிடுவார். நீங்கள் சொன்னால் உங்களைக் கண்டபடி திட்டுவார், அப்புறம் சாப்பிட்டுவிடுவார்.